கப்பல் காத்திருப்பதில்லை

தில்லி போன்ற தொலைநகரங்களில் குடியேறி வாழும் நம்மவர்க்கு ‘இணைப்பு’ என்னும் சொல்லின் அருமை நன்கு தெரியும். ஊருக்குப் போவதென்றால் ஓர் ஊர்தியோடு காரியம் முடிவதில்லை. விமானத்தை விட்டிறங்கி ரயிலைப் பிடிக்க வேண்டும். ரயிலை விட்டிறங்கிப் பேருந்தைப் பிடிக்க வேண்டும். பேருந்து நின்ற இடத்தில் மைத்துனர் கொண்டுவந்து நிறுத்தியிருக்கும் வண்டியில் ஏறினால்தான் வீட்டு வாசலைக் காணலாம். இவற்றுள் ஒன்று பிந்தினால் மற்றவையெல்லாம் பிந்தும். பத்து நாள் விடுப்பில் இரண்டு நாள் வழியிலேயே கழிந்துபோன அனுபவம் இவ்விதழைப் படிக்கும் அன்பர்கள் பலருக்கும் இருக்கும். இத்தகைய இணைப்புகள் எல்லாவற்றிலும் கடினமானது எது என்று கேட்டால், விமானத்தில் சென்று கப்பல் ஏறுவதே என்று தயங்காமல் சொல்வேன்.

அதற்குக் காரணம் உண்டு. ஒரு விமானம் தவறினால் மாலையில் மற்றொன்று இருக்கிறது; அன்று இல்லாவிட்டால் மறுநாள் இருக்கிறது. கப்பல் அப்படியன்று. சென்னையிலிருந்து அந்தமானுக்கு ஏறத்தாழ 1190 கிலோமீட்டர் கடல்வழி. அதைக் கடக்கப் பயணிகள் கப்பலுக்குச் சுமார் 60 மணி நேரம் ஆகும். அங்கே போய்ச் சேர்ந்து, ஆட்களையும் சரக்கையும் இறக்கி, மறுபடியும் ஏற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். ஆதலால் மாதத்தில் சில முறையே அது புறப்படும். புறப்படும் நாளும் நெடுங்காலம் முன்னதாகத் தெரிவதில்லை. ஒரு கப்பலைத் தவறவிட்டவர் அடுத்த கப்பலுக்காக நாள்கணக்கில் அல்ல, வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

கப்பல் ஏன் ஒருவருக்காகக் காத்திருப்பதில்லை என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அது துறைமுகத்தை விட்டுத் தன் விருப்பப்படி வெளியேற இயலாது. துறைமுகத்தின் வழிகாட்டி மாலுமி மேலே ஏற வேண்டும். இழுவைப் படகுகள் வந்து சேர வேண்டும். வெளியே நங்கூரமிட்டு நிற்கும் வேறொரு கப்பல் அதே துறைமேடைக்காகக் காத்திருக்கும். பயணிகளின் பெயர்ப் பட்டியல் முடிந்து, ஏணி தூக்கப்பட்டுவிட்டால், பிறகு கரையில் நிற்பவன் மன்னனாயினும் கரையில் நிற்பவனே. நூற்றுக்கணக்கானோர் ஏறியமர்ந்த மரக்கலத்தை ஒருவனுக்காக நிறுத்துவது நியாயமும் ஆகாது.

கப்பலின் இயல்பு இவ்வாறிருக்க, தில்லியிலிருந்து அதனிடம் நம்மைக் கொண்டு சேர்க்க வேண்டிய விமானத்தின் இயல்பைப் பார்ப்போம். டிசம்பர் பிற்பகுதி தொடங்கிப் பொங்கல் கழியும் வரை வடநாட்டுச் சமவெளி முழுவதும் மூடுபனியின் ஆட்சிக்கு உட்பட்டது. மேகமற்ற குளிர்கால இரவில் தரை தன் வெப்பத்தை விரைந்து இழக்கிறது. தரையை ஒட்டிய காற்றிலுள்ள ஈரம் நுண்ணிய துளிகளாகத் திரண்டு அப்படியே நிற்கிறது. காற்று வீசினால் கலைந்துவிடும். ஆனால் அந்நாட்களில் காற்று அசைவதில்லை. கதிரவன் ஏறி வந்து தரையைச் சுடச்செய்யும் வரை வெண்திரை விலகுவதில்லை.

தக்க கருவிகள் பொருந்திய ஓடுபாதையில், தக்க கருவிகள் பொருந்திய விமானத்தை, அதற்கெனப் பயிற்சி பெற்ற விமானி, 50 மீட்டர் தொலைவு கண்ணுக்குத் தெரிந்தாலே இறக்கிவிடலாம் என்பது தில்லியில் உள்ள ஏற்பாடு. மேலெழும்புவதற்கோ 125 மீட்டர் தெரிய வேண்டும். வந்து சேர்வதைக் காட்டிலும் புறப்பட்டுச் செல்வதற்கே அதிக வெளிச்சம் தேவைப்படுகிறது என்பதை முதன்முறை கேட்டபோது எனக்கு வியப்பாயிருந்தது.

மூடுபனி விலகியதும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பதற்கும் இல்லை. ஒரே விமானம் ஒரு நாளில் நான்கைந்து ஊர்களுக்குப் போய்வருகிறது. காலையில் லக்னோவில் அது தடைப்பட்டால், மாலையில் சென்னைக்குப் புறப்பட வேண்டியவர்கள் தில்லியில் தவிப்பார்கள். விமானிகள் தொடர்ந்து இத்தனை மணி நேரத்துக்கு மேல் பணியாற்றலாகாது என்ற விதியும் உண்டு. அது நம் உயிரைக் காக்கும் விதி. விமானம் வந்து நின்றாலும், காத்திருந்தே பணிநேரம் முடிந்துபோன விமானி வீட்டுக்குப் போய்விடுவார். வேறு விமானி வரவேண்டும். இவ்வாறு விடியற்காலைப் பனி நள்ளிரவு வரையில் தன் நிழலை நீட்டிவிடுகிறது.

நம் முன்னோர் காலத்தில் இந்தத் தொல்லை வேறு உருவில் இருந்தது. தில்லியிலிருந்து சென்னைக்குக் கிராண்ட் டிரங்க் விரைவு வண்டியே கதி. இரண்டு இரவுகளை வண்டியில் கழித்துச் சென்னை சேர்ந்தவர், மண்ணடியிலோ இராயபுரத்திலோ உறவினர் வீட்டுத் திண்ணையில் மூட்டையை வைத்துவிட்டுக் கப்பலுக்காகக் காத்திருப்பார். நான்கு நாளானாலும் ஒரு வாரமானாலும் அதைத் தாமதம் என்று அவர் சொன்னதில்லை. அதுவும் பயணத்தின் ஒரு பகுதி என்றே கொண்டார். கடலுக்குப் போகிறவன் கடலின் நாளுக்குக் காத்திருக்க வேண்டும் என்பது அன்றையோர் கருத்து. விமானம் வந்தபின் இரண்டு நாள் வழி மூன்று மணி நேரமாகச் சுருங்கிற்று. காத்திருப்பதற்கென ஒதுக்கிய நாட்களும் அதனோடு சேர்ந்து சுருங்கிவிட்டன.

இவ்வளவும் நான் ஏட்டில் படித்தறிந்தவையல்ல. 2024 ஜனவரியில் ஐந்து நாட்களில் கற்றுக்கொண்டவை.

என் தாயாரின் தமையனார், எனக்கு மாமா, 1966-இல் தம் இருபத்திரண்டாம் வயதில் சென்னையில் கப்பலேறி அந்தமான் சென்றவர். போர்ட் பிளேரை அடுத்த சாத்தம் தீவில் 1883 முதல் நடந்துவரும் அரசாங்க மர அறுவை ஆலையில் வேலைக்கு அமர்ந்து, அங்கேயே இல்லறம் நடத்தி, அங்கேயே ஓய்வும் பெற்றார். அக்காலத்தில் நம்மவர் பலர் கூலிக்கும் கட்டட வேலைக்கும் அத்தீவுகளுக்குச் சென்றனர். 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் சில, பின்னாளில் நிக்கோபாரைச் சேர்ந்த கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. அவர்களுக்கெல்லாம் தாய்நாட்டோடு இருந்த ஒரே தொடர்பு கப்பல்தான்.

மாமா புறப்பட்ட அன்று பதினாறு வயதுப் பெண்ணான என் தாயார், தம் தந்தையோடு துறைமுகம் வரை சென்று வழியனுப்பினாராம். “கப்பல் சின்னதாகிச் சின்னதாகி, கடைசியில் புகை மட்டும் தெரிந்தது” என்று அவர் எங்களுக்குச் சிறுவயதில் பலமுறை சொன்னதுண்டு. பின்னர் மாமா சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊருக்கு வருவார். வயது ஏறஏற வரவு குறைந்தது. கடைசியாக இருவரும் ஒருவரையொருவர் கண்டு பத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. 2023-ஆம் ஆண்டு இறுதியில் மாமா படுக்கையில் விழுந்தார் என்று செய்தி வந்தது. “இனிமேல் அவர் வரமாட்டார், நான்தான் போக வேண்டும்” என்றார் தாயார். காதில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டிருந்தபடியால் விமானத்தில் செல்ல வேண்டாம் என்று மருத்துவர் தடுத்திருந்தார். ஆகவே கப்பலைத் தவிர வேறு வழியில்லை. அவருக்கு அப்போது வயது 74.

ஜனவரி 16-ஆம் நாள் காலை புறப்படும் கப்பலில் நான்கு படுக்கைகள் கொண்ட இரண்டாம் வகுப்பு அறையில் எங்கள் இருவருக்கும் இடம் கிடைத்தது. தாயார் சென்னையில் என் தமக்கை வீட்டில் இருந்தார். நான் 14-ஆம் நாள் ஞாயிறு விடியற்காலை விமானத்துக்குச் சீட்டு வாங்கினேன். இடையில் முழுமையாக இரண்டு நாட்கள். பொங்கலையும் சென்னையில் கொண்டாடிவிட்டுத் தாயாரை அழைத்துக்கொண்டு கப்பலேறுவது என்பது ஏற்பாடு.

அந்த ஞாயிற்றுக்கிழமையைத் தில்லிவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். பாலம் வானிலை நிலையத்தில் பார்வைத் தொலைவு பூச்சியம் என்று பதிவாயிற்று. நூற்றுக்கணக்கான விமானங்கள் தாமதமாயின. பல வேறு ஊர்களுக்குத் திருப்பப்பட்டன. பல அடியோடு ரத்தாயின. ஆறரை மணிக்குப் புறப்பட வேண்டிய எங்கள் விமானம் ஒன்பது என்றார்கள், பதினொன்று என்றார்கள், நண்பகலில் இல்லை என்றே சொல்லிவிட்டார்கள். பொங்கல் கூட்டம் ஆதலால் அன்று வேறு விமானத்தில் இடமில்லை. மறுநாள் இரவு எட்டே முக்கால் மணி விமானத்தில் மாற்றிக் கொடுத்தார்கள். கப்பலுக்கு ஓரிரவு மிச்சமிருந்தது. போதும் என்று எண்ணினேன்.

பொங்கலன்று இரவு விமான நிலையம் திருவிழாவுக்குப் பிந்திய தேர்முட்டி போல் இருந்தது. நாற்காலிகள் நிறைந்து, தரையிலும் போர்வை விரித்து மக்கள் கிடந்தனர். ஈரோட்டுப் பக்கத்துக் குடும்பம் ஒன்று காலையில் வீட்டில் செய்த சர்க்கரைப் பொங்கலைச் சம்புடத்தோடு கொண்டுவந்திருந்தது. அக்குடும்பத்து அம்மையார் அதைத் திறந்து, பக்கத்தில் தமிழ் பேசிய எவரையும் விடாமல் ஆளுக்கொரு கரண்டி வைத்தார். எட்டே முக்கால் பத்தரையாயிற்று, பத்தரை பன்னிரண்டாயிற்று. ஒரு மணிக்கு எங்களை விமானத்தில் ஏற்றிக் கதவைச் சாத்தினார்கள். வெளியே சாளரத்தை ஒட்டிப் பஞ்சுப் பொதிபோல் மூடுபனி நின்றது. நான்கு மணி நேரம் அப்படியே அமர்ந்திருந்துவிட்டு, விமானிகளின் பணிநேரம் முடிந்துவிட்டது என்று மீண்டும் இறக்கி விட்டார்கள். “கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே” என்பார்கள் பெரியோர். கப்பல் கவிழவில்லை, அது நன்றாகத்தான் மிதந்துகொண்டிருந்தது. ஆயினும் என் கை கன்னத்துக்குத்தான் சென்றது.

காலை ஏழு மணிக்குத் தமக்கையிடமிருந்து தொலைபேசி வந்தது. அவரும் அத்தானும் தாயாரை அழைத்துக்கொண்டு துறைமுக வாயிலில் நின்றார்கள். ஒன்பது மணிக்குள் உள்ளே செல்ல வேண்டும். அடுத்த கப்பல் எப்போது என்று அங்கே கேட்டால், நாள் இன்னும் அறிவிக்கப்படவில்லை என்றார்களாம். சீட்டு என் பெயரில் இருப்பதால் என் இடத்தில் தமக்கை ஏறவும் இயலாது. “அம்மாவைத் திருப்பி அழைத்துக்கொண்டு போய்விடுகிறோம், பிறகு பார்ப்போம்” என்றார் அத்தான். படுக்கையில் கிடக்கும் மாமாவுக்கு அந்தப் ‘பிறகு’ இருக்குமோ இராதோ என்று எவருக்கும் தெரியாது. நான் பேசாதிருந்தேன்.

அப்போது தாயார் தொலைபேசியை வாங்கிக்கொண்டார்.

“ஏப்பா, நீ இன்னும் அங்கேதான் இருக்கியா?”

“ஆமாம்மா. எப்போது புறப்படும் என்று தெரியவில்லை.”

“சரி, நீ வர்றபோது வா. நான் ஏறிக்கிறேன்.”

“தனியாகவா? மூன்று நாள் கடலில்...”

“அண்ணன் போனபோது யாரு துணைக்குப் போனா? சீட்டும் அடையாள அட்டையும் என் சுருக்குப் பையிலேதான் இருக்கு. மருந்தும் இருக்கு. கப்பல் நிறைய சனங்கதானே இருக்காங்க?”

அதற்கு மேல் நான் என்ன சொல்வது? ஒன்பது மணிக்கு முன் அவர் வாயிலைக் கடந்து சென்றுவிட்டார். அத்தான் உள்ளே செல்ல விடவில்லையாம். மூட்டையைத் தூக்கிக்கொடுத்ததோடு சரி. பதினொரு மணியளவில் கப்பல் அசைந்தது என்று தமக்கை சொன்னார். எங்கள் விமானம் பத்தரைக்கு மேலெழுந்து ஒன்றேகாலுக்குச் சென்னையில் இறங்கியது. கடற்கரையில் இருந்து பார்த்தாலும் கப்பல் தெரியாத நேரம் அது. கரையை விட்டுச் சில மணி நேரம் சென்றபின் தொலைபேசியும் எட்டாது. அன்று பிற்பகல் தொடங்கித் தாயாரின் குரலைக் கேட்க வழியில்லை.

இங்கே விமான விதிகளைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும், அன்பர்களுக்குப் பயன்படும். விமானம் ரத்தானால் வேறு விமானத்தில் இடம் தரவோ, கட்டணத்தைத் திருப்பவோ நிறுவனம் கடமைப்பட்டது. நெடுநேரம் தாமதமானால் உணவும் தரவேண்டும். ஆனால் மூடுபனி, புயல் முதலிய இயற்கைக் காரணங்களால் நேர்ந்த தடைக்கு இழப்பீடு கோர இயலாது. அதைவிட முக்கியமானது, விமானச் சீட்டும் கப்பல் சீட்டும் தனித்தனியே வாங்கியவை. நாம் கப்பலைப் பிடிக்க வேண்டியிருந்தது என்பது விமான நிறுவனத்தின் கணக்கில் வராத செய்தி. அந்த இணைப்பு நம் மனத்தில் மட்டுமே உள்ள இணைப்பு. ஜனவரி 15-ஆம் நாளன்றே அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் ஒரு நெறிமுறையை வெளியிட்டது. மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகும் என்று தெரிந்தால் நிறுவனங்கள் முன்னதாகவே விமானத்தை ரத்துச் செய்து பயணிகளுக்கு அறிவிக்கலாம் என்பது அதன் சாரம். இல்லை என்பதை முன்கூட்டிச் சொல்வதும் ஓர் உதவிதான்.

வானம் அடைபட்டபோது கடல் கைகொடுத்த காலங்களும் உண்டு. 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்தின் எரிமலை கக்கிய சாம்பலால் ஐரோப்பாவின் வடபகுதியில் பல நாட்கள் விமானங்கள் பறக்கவில்லை. அப்போது புதிதாகக் கட்டி முடிந்த ‘செலிபிரிட்டி எக்லிப்ஸ்’ என்னும் உல்லாசக் கப்பல், தன் தொடக்க விழாக்களை நிறுத்திவிட்டு ஸ்பெயினின் பில்பாவோ துறைக்குச் சென்று, அங்கே தவித்த சுமார் 2000 பேரை இங்கிலாந்துக்கு ஏற்றி வந்தது. 2020-இல் தொற்றுநோயால் விமானங்கள் நின்றபோது, நம் கடற்படையின் ‘ஜலாஷ்வா’ கப்பல் மாலத்தீவிலிருந்து 698 இந்தியரை மே 10 அன்று கொச்சியில் கொண்டுவந்து இறக்கியது. அடுத்த மாதம் கொழும்பிலிருந்தும் தூத்துக்குடிக்கு நம்மவரை ஏற்றி வந்தது. மெதுவாகச் செல்லும் ஊர்தி என்று கப்பலை எளிதாக எண்ணுகிறோம். எல்லாம் நின்றபோது மெதுவாகச் சென்றதுதான் போய்ச் சேர்ந்தது.

என் கதையில் ஒரு விந்தை பாக்கி இருக்கிறது. கப்பலைத் தவறவிட்ட நான், 17-ஆம் நாள் காலை சென்னையிலிருந்து விமானமேறி, இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலான பயணத்தில் போர்ட் பிளேர் சேர்ந்துவிட்டேன். அவ்வூருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியது. அப்போது பழைய பெயரே வழங்கிற்று. வழித்துணையாக வரவேண்டியவன் முன்னே போய்ச் சேர, அவனை நம்பியிருந்தவர் பின்னே கடலில் வந்துகொண்டிருந்தார்.

ஜங்கிலிகாட் பகுதியில் மாமாவின் வீடு. கட்டிலில் சாய்ந்திருந்தவர் என்னைப் பார்த்ததும், “தங்கச்சி எங்கே?” என்றார். நடந்ததைச் சொன்னேன். அவர் முகத்தில் கலக்கத்தை எதிர்பார்த்தேன். மாறாக ஒரு சிரிப்பு வந்தது. “கப்பலில் வருகிறாளா? அப்படியானால் வந்துவிடுவாள்” என்றார். பிறகு அன்றும் மறுநாளும் அவரே கணக்குச் சொன்னார். “இந்நேரம் கரை முழுதும் மறைந்திருக்கும்.” “இன்று முழுதும் நீலம்தான். ஒரு பறவைகூட இராது.” “நாளைக்குக் காலை தீவுகள் தெரியும்.” அவ்வழியே எத்தனை முறை சென்றவர் அவர்! கலங்கியிருந்த எனக்கு, நோயாளியான அவர் ஆறுதல் சொல்லும்படி ஆயிற்று. இடையிடையே சாத்தம் ஆலையின் கதைகளைச் சொன்னார்; படாக் மரத்தின் சிவப்பையும், அறுக்கும்போது எழும் மணத்தையும் சொன்னார். மூடுபனி இல்லாதிருந்தால் அந்த இரண்டு நாட்கள் எனக்குக் கிடைத்திரா. மாமாவை நான் அறிந்தது பெரும்பாலும் அந்த இரண்டு நாட்களில்தான்.

19-ஆம் நாள் காலை ஹாடோ துறையின் வாயிலில் நின்றேன். மூட்டை முடிச்சுகளோடு, கைக்குழந்தைகளோடு, மரப்பெட்டிகளோடு மக்கள் வந்துகொண்டேயிருந்தனர். அவர்களிடையே தாயார் வந்தார். அவருடைய பையை, சென்னையில் கண் சிகிச்சை செய்துகொண்டு நடு அந்தமானிலுள்ள ரங்கத்துக்குத் திரும்பும் ஓர் அம்மையாரின் கணவர் சுமந்து வந்தார். என்னைக் கண்டதும் தாயார் கேட்ட முதல் கேள்வி, “நீ எப்ப வந்தே? சாப்பிட்டியா?” என்பது. அடுத்து, “உன் படுக்கை வீணாகலை” என்றார். கீழ்த்தட்டில் பயணம் செய்த ஒரு சிறுமி கடல் மயக்கத்தால் துவண்டு கிடந்தாளாம். அறைப் பணியாளரிடம் சொல்லி, என் படுக்கையில் அவளைப் படுக்க வைத்து, இஞ்சியும் எலுமிச்சையும் கொடுத்து, இரண்டு இரவும் தாயாரே பார்த்துக்கொண்டாராம். துணையின்றிச் செல்கிறாரே என்று நாங்கள் அஞ்சியவர், வேறொருவருக்குத் துணையாகச் சென்றிருக்கிறார்.

தமையனும் தங்கையும் சந்தித்ததை நான் விரித்துரைக்கப் போவதில்லை. இருவரும் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு ஊர்க் கண்மாயில் இவ்வாண்டு தண்ணீர் எவ்வளவு என்று பேசினார்கள். அந்த ஆண்டு ஆடியில் மாமா காலமானார். தாயார் அடுத்த கப்பலுக்குக் காத்திருந்தால் காலத்தில் போயிருக்கலாம், போகாமலும் இருந்திருக்கலாம். அந்த ஐயத்துக்கு அவர் இடம் வைக்கவில்லை என்பதே எங்களுக்குப் பெரிய ஆறுதல்.

தொலைவில் வாழும் நமக்கு ஒரு நினைப்பு உண்டு. நாம் போனால்தான் ஊரில் காரியம் நடக்கும். நாம் கையைப் பிடித்தால்தான் முதியோர் படியேறுவர் என்பது அந்நினைப்பு. அது அன்பினால் எழுவது. ஆனால் முழு உண்மையன்று. நாம் இல்லாத ஆண்டுகள் அத்தனையிலும் அவர்கள் தாமே மருத்துவரிடம் சென்றிருக்கிறார்கள், தாமே வங்கிக்குச் சென்றிருக்கிறார்கள், பிறருக்கும் உதவியிருக்கிறார்கள். நம் விமானம் பனியில் நிற்கும்போது அவர்கள் வாழ்வும் அங்கேயே நின்றுவிடுவதில்லை. அவர்கள் “நான் ஏறிக்கொள்கிறேன்” என்று சொல்லும்போது, வழிவிடுவதும் ஒரு பணிவிடையே.

குளிர்காலத்தில் வடநாட்டிலிருந்து விமானத்தில் சென்று கப்பலேற எண்ணும் அன்பர்களுக்குச் சில சொற்கள். அந்தமானுக்காயினும், கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்காயினும், மும்பையில் உல்லாசக் கப்பலுக்காயினும் இவை பொருந்தும். டிசம்பர், ஜனவரி மாதங்களில் விடியற்காலை விமானத்தையும் பின்னிரவு விமானத்தையும் தவிர்த்து, பனி விலகிய பிற்பகலில் புறப்படுவதைத் தேர்ந்துகொள்ளுங்கள். கையில் இரண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள். விடுப்பு இடம் கொடுத்தால் மூன்று நாள் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களை வீண் என்று எண்ணாமல் உற்றார் வீட்டில் கழியுங்கள். விமானம் ரத்தானால் வரிசையில் நிற்கும்போதே தொலைபேசியிலும் முயலுங்கள். பக்கத்து ஊர்களிலிருந்து இடமுண்டா என்றும் பாருங்கள். சேர்ந்து செல்வோர் வெவ்வேறு ஊர்களிலிருந்து வருவதாயின், ஒவ்வொருவருடைய சீட்டும், அடையாள அட்டையும், மருந்தும், போய்ச் சேருமிடத்து முகவரியும் அவரவர் கையிலேயே இருக்கட்டும். ஒருவர் பிந்தினால் மற்றவர் என்ன செய்வது என்பதை வீட்டில் அமர்ந்திருக்கும்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். முதியோரிடம் அதைக் கேட்கத் தயங்க வேண்டாம். அவர்கள் சொல்லும் விடை நமக்கு வியப்பைத் தரலாம்.